நேற்றில் நின்று நாளையைப் பார்க்கும் வினை

(ஸ்பானிய மொழி கற்போருக்கான பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஸ்பானிய இலக்கணத்தில் ஒரே ஒரு வினை வடிவத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பாடநூல்கள் அதற்கு 'கொந்திசியொனால்' என்று பெயரிடுகின்றன. நாம் நிபந்தனைக் காலம் என்று சொல்லலாம். 'பணம் இருந்தால் வீடு வாங்குவேன்' என்கிறோமே, அந்த 'வாங்குவேன்' நிற்கும் இடத்தில் ஸ்பானியர் வைக்கும் வடிவம் அது.

பெயரைப் பார்த்தால் நிபந்தனைக்கு மட்டுமே உரியது போலத் தோன்றும். உண்மை வேறு. நேற்று ஒருவர் தந்த வாக்கைத் திருப்பிச் சொல்ல அது வேண்டும். போன வருடம் பார்த்த ஒருவரின் வயதை ஊகித்துச் சொல்ல அது வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் பணிவாக ஓர் உதவி கேட்கவும், நண்பருக்கு அறிவுரை சொல்லவும், உறுதிப்படாத செய்தியை அச்சில் ஏற்றவும் அதுவே வேண்டும். பாடநூல்கள் இவற்றைத் தனித்தனிப் பயன்களாக எண்ணிட்டுத் தருகின்றன. மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள்; தேர்வு முடிந்ததும் மறக்கிறார்கள். இந்தப் பயன்கள் எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி. கடந்த காலத்தில் ஓரிடத்தில் நின்றுகொண்டு, அங்கிருந்து மேலே வர இருப்பதைப் பார்ப்பது: இதுதான் அந்த வேர். இதைப் பிடித்துவிட்டால் மற்றவை தாமே வந்து சேரும்.

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். ஸ்பானிய வினைகள் அகராதியில் மூன்று விதமாக முடியும். 'அமார்' என்றால் நேசித்தல், 'கொமேர்' என்றால் உண்ணுதல், 'பிபீர்' என்றால் வாழ்தல். ஆர், ஏர், ஈர் என்று மூன்று குடும்பங்கள். நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் இந்தக் குடும்பங்கள் எல்லாம் ஒரே விகுதிகளை ஏற்பதில்லை. புதிதாகக் கற்பவரின் முதல் தலைவலியே அதுதான். நிபந்தனைக் காலத்தில் அந்தத் தொல்லை கிடையாது. அகராதியில் உள்ள முழுச் சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் வெட்ட வேண்டாம். அதன் பின்னால் ஈயா, ஈயாஸ், ஈயா, ஈயாமோஸ், ஈயாய்ஸ், ஈயான் என்ற ஆறு விகுதிகளைச் சேருங்கள். வேலை முடிந்தது.

யோ அமரீயா: நான்
தூ அமரீயாஸ்: நீ
எல், எயா, உஸ்தேத் அமரீயா: அவன், அவள், மரியாதைக்குரிய நீங்கள்
நோசோத்ரோஸ் அமரீயாமோஸ்: நாம், நாங்கள்
போசோத்ரோஸ் அமரீயாய்ஸ்: நெருங்கிப் பழகும் பலரைப் பார்த்து நீங்கள்
எயோஸ், எயாஸ், உஸ்தேதேஸ் அமரீயான்: அவர்கள், பலரைக் குறிக்கும் நீங்கள்

அமரீயா போலவே கொமெரீயா, அமரீயாமோஸ் போலவே பிபிரீயாமோஸ். மூன்று குடும்பங்களுக்கும் ஒரே விகுதிதான். இலத்தீன் அமெரிக்காவில் போசோத்ரோஸ் வழக்கில் இல்லை. அங்கே பலரை அழைக்க உஸ்தேதேஸ்தான். ஆகவே அங்குள்ளவர்களோடு பேசப் போகிறவர்கள் ஐந்தாவது விகுதியைக் கேட்டால் புரிந்துகொண்டால் போதும். அர்ஜென்டினாவில் 'தூ' என்பதற்குப் பதிலாக 'போஸ்' என்பார்கள். நிகழ்காலத்தில் அதற்கெனத் தனி விகுதி உண்டு. நிபந்தனைக் காலத்தில் 'போஸ் அமரீயாஸ்' என்று 'தூ'வின் வடிவமே வரும்.

தன்மை ஒருமைக்கும் படர்க்கை ஒருமைக்கும் வடிவம் ஒன்றே என்பதைக் கவனித்திருப்பீர்கள். தமிழைப் போலவே ஸ்பானியத்திலும் எழுவாயை விட்டுவிட்டுப் பேசலாம். விகுதியே ஆளைக் காட்டிக்கொடுக்கும். இந்த ஓரிடத்தில் மட்டும் விகுதி கைகொடுக்காது. குழப்பம் வரும் என்று தோன்றினால் 'யோ' என்றோ 'எயா' என்றோ எழுவாயைச் சொல்லிவிட வேண்டும்.

இனி ஒலி. ஆறு வடிவங்களிலும் அழுத்தம் 'ஈ' மேல்தான் விழும். எழுதும்போதும் அந்த எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு இட்டே ஆக வேண்டும். அது அலங்காரம் அல்ல. கோடு இல்லாவிட்டால் அந்த இரண்டு உயிர்களும் ஒன்றாகி 'இஸ்தோரியா' என்ற சொல்லின் கடைசி 'யா' போல ஒரே அசையாகச் சுருங்கிவிடும். அழுத்தமும் இடம் மாறிவிடும். ஆகவே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

ஒலியில் தவறினால் காலமே மாறிவிடும் இடங்கள் உண்டு. 'கொமீயா' என்றால் 'உண்டுகொண்டிருந்தேன்' அல்லது 'உண்பது வழக்கமாக இருந்தது'. 'கொமெரீயா' என்றால் நிபந்தனை. நடுவில் உள்ள அந்த 'எர்' போனால் பொருளும் போயிற்று. இதைவிட நுட்பமான இணை 'கெரீயா', 'கெர்ரீயா'. விரும்புதலைக் குறிக்கும் 'கெரேர்' என்ற வினையின் இறந்தகாலம் முதலாவது, நிபந்தனைக் காலம் இரண்டாவது. முதலாவதில் நாக்கு ஒரு முறை தட்டும். இரண்டாவதில் உருண்டு அதிரும். ரகர றகர வேறுபாட்டை இன்னமும் காதால் பிரித்தறியும் தமிழர்களுக்கு இது எளிது. மற்றவர்கள் பழக வேண்டும்.

இந்த விகுதிகள் எங்கிருந்து வந்தன? இங்குதான் விஷயம் சுவையாகிறது. செவ்வியல் இலத்தீனில் இப்படி ஒரு தனி வினை வடிவம் கிடையாது. பின்னாளில் மக்கள் பேச்சில் இரண்டு சொற்கள் சேர்ந்து நடக்கத் தொடங்கின. 'அமாரே' என்றால் நேசிக்க. 'ஹபேபம்' என்பது உடைமையைக் குறிக்கும் துணைவினையின் இறந்தகாலம். 'அமாரே ஹபேபம்' என்று சேர்த்துச் சொன்னால் கிட்டத்தட்ட 'நேசிக்க இருந்தேன்' என்று பொருள். நாமும் 'நேற்று உங்கள் வீட்டுக்கு வர இருந்தேன்' என்கிறோம் அல்லவா? அதே கட்டமைப்பு. 'இருந்தேன்' என்பது இறந்தகாலம். 'வர' என்பது அந்த நேரத்தில் இன்னும் நடக்காதது. காலப்போக்கில் துணைவினை தேய்ந்தது, தலைப்பகுதி உதிர்ந்தது, வால் மட்டும் முதல் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. ஸ்பானியத்தில் அந்தத் துணைவினையின் இறந்தகாலம் இன்று 'அபீயா'. அதிலிருந்து 'அப்' போனால் மிஞ்சுவது 'ஈயா'. நம் ஆறு விகுதிகளும் அந்தச் சொல்லின் ஆறு வால்கள்தான்.

எதிர்காலத்துக்கும் இதே கதைதான். அங்கே சேர்ந்தது துணைவினையின் நிகழ்காலம். அதனால் எதிர்காலம் 'அமரே', நிபந்தனைக் காலம் 'அமரீயா'. ஒன்று இன்றில் நின்று நாளையைப் பார்க்கிறது. மற்றொன்று நேற்றில் நின்று அதன் நாளையைப் பார்க்கிறது. உடன்பிறப்புகளான இந்த இரண்டு வடிவங்களுக்கும் நடுவே உள்ள வேறுபாடு நிற்கும் இடம் மட்டும்தான்.

இந்த ஒட்டு ஒரே நாளில் காய்ந்துவிடவில்லை. பழைய ஸ்பானியத்தில் வினைக்கும் விகுதிக்கும் நடுவே 'அவனை', 'உனக்கு' போன்ற சிறு சொற்களைச் செருக முடிந்தது. ஒட்டிய இடம் அன்று இன்னும் தெரிந்துகொண்டிருந்தது என்பதற்கு அதுவே சான்று. ஸ்பானியம் பிறகு அந்த வழக்கத்தைக் கைவிட்டது. அண்டை மொழியான போர்த்துக்கீசிய எழுத்து நடையில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. 'அவருக்குக் கொடுப்பேன்' என்ற பொருளில் நிபந்தனைக் காலத்தில் எழுதும்போது, 'தர்' என்ற வினைக்கும் 'இயா' என்ற விகுதிக்கும் நடுவில் 'அவருக்கு' என்ற சொல்லை வைப்பார்கள். 1492இல் சலமாங்காவில் வெளிவந்து, அரசி இசபெல்லாவுக்குக் காணிக்கையாக்கப்பட்ட காஸ்டிலிய, அதாவது ஸ்பானிய, இலக்கணத்தை எழுதிய அன்டோனியோ தே நெப்ரிஹாவும், இவை வினையையும் துணைவினையையும் கொண்டு சுற்றி வளைத்து உண்டாக்கிய வடிவங்கள் என்பதை அன்றே கண்டுகொண்டார்.

இதுவரை ஒழுங்கான வினைகளைப் பற்றிப் பேசினேன். ஒழுங்கற்றவை எத்தனை என்று தெரிந்தால்தான் இந்த ஒழுங்கின் அருமை விளங்கும். அன்றாடம் நமக்கு வேண்டியவை பன்னிரண்டு. அவற்றிலும் விகுதி மாறுவதே இல்லை. பகுதி மட்டும் சற்றுச் சுருங்கும். போதேர், சபேர், கபேர், அபேர், கெரேர் ஆகிய ஐந்தும் நடுவில் ஓர் உயிரை இழக்கும்: போத்ரீயா, சப்ரீயா என்று. தெனேர், பொனேர், பெனீர், சலீர், பலேர் ஆகிய ஐந்தும் உயிரை இழந்து, அந்த இடத்தில் ஒரு தகர ஒலியை ஏற்கும்: தெந்த்ரீயா, பெந்த்ரீயா, சல்த்ரீயா என்று. சொல்லுதலைக் குறிக்கும் 'தெசீர்' 'திரீயா' ஆகும். செய்தலைக் குறிக்கும் 'அசேர்' 'அரீயா' ஆகும். இவற்றிலிருந்து பிறந்த கூட்டு வினைகளும் பெரும்பாலும் தாய் வினையின் வழியிலேயே போகும்.

அந்தத் தகரம் ஏன் நுழைந்தது? உயிர் உதிர்ந்ததும் னகரமோ லகரமோ ரகரத்தோடு நேருக்கு நேர் மோதியது. நாக்கு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது நடுவே ஒரு வெடிப்பொலி தானாகவே பிறக்கும். 'பன்றி', 'கன்று' என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் வாயிலும் அது பிறப்பதைக் கேட்பீர்கள். விதிவிலக்கு என்று அஞ்சியது வெறும் உச்சரிப்பு வசதிதான்.

மறுபக்கம், மற்றக் காலங்களில் நம்மைப் படாத பாடு படுத்தும் இரண்டு வினைகள் இங்கே சாதுவாகிவிடுகின்றன. இருத்தலைக் குறிக்கும் 'செர்', போதலைக் குறிக்கும் 'இர்' ஆகியவை நிகழ்காலத்தில் அடையாளம் தெரியாமல் மாறும். முடிந்துபோனதைச் சொல்லும் இறந்தகாலத்தில் இரண்டும் ஒரே வடிவத்தைப் பகிர்ந்துகொள்ளும். நிபந்தனைக் காலத்தில் 'செரீயா', 'இரீயா' என்று விதி பிசகாமல் வருகின்றன.

இந்த வடிவத்தை இலக்கணத்தில் எந்த வீட்டில் குடியேற்றுவது என்பதில் அறிஞர்களுக்குள் நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்பெயினின் அரச மொழிக் கழகம் இதைச் 'சாத்திய வகை' என்று தனிப் பிரிவாக வைத்திருந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே வேறொரு விடையைத் தந்தவர் அந்த்ரேஸ் பெயோ. 1781இல் கராகஸில் பிறந்து, லண்டனில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 1829இல் சிலி நாட்டுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே சிலிப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராக இருந்தவர். அமெரிக்கக் கண்டத்து மக்களின் பயன்பாட்டுக்கு என்று தலைப்பிலேயே அறிவித்து அவர் எழுதிய காஸ்டிலிய இலக்கணம் 1847இல் வெளிவந்தது. அதில் அவர் இந்த வடிவத்துக்கு இட்ட பெயர் 'போஸ்ப்ரெத்தேரித்தோ'. கடந்ததற்குப் பிந்தியது என்று பொருள். நிபந்தனை என்ற பேச்சே அந்தப் பெயரில் இல்லை. ஒரு பயனைப் பெயராக்காமல், எல்லாப் பயன்களுக்கும் அடியில் உள்ளதைப் பெயராக்கினார் பெயோ. இன்று அரச மொழிக் கழகமும் இதைச் சாதாரணக் காலங்களோடு சேர்த்துவிட்டது. அதன் அகராதியின் வினை அட்டவணையில் பெயோவின் பெயரும் இடம்பெறுகிறது. மெக்சிகோவின் பள்ளிகளில் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லியே படிக்கிறார்கள்.

பெயோ காட்டிய இடத்தில் நின்றுகொண்டு இனி ஒவ்வொரு பயனாகப் பார்ப்போம்.

'திஹோ கே பெந்த்ரீயா.' வருவதாகச் சொன்னார் என்று பொருள். சொன்னது நேற்று. வருவது, அந்த நேற்றிலிருந்து பார்த்தால், பின்னால். இதுதான் இந்த வடிவத்தின் தூய்மையான பயன். நம் மொழியில் 'வருவேன் என்று சொன்னார்' என்போம். 'என்று' என்ற ஒரு சொல் இருப்பதால் அவர் வாயிலிருந்து வந்த எதிர்காலத்தை அப்படியே வைத்துவிடுகிறோம். ஸ்பானியத்துக்கு அந்த வசதி இல்லை. சொன்னவரின் எதிர்காலத்தை, சொல்லிய நேரத்துக்குப் பின்னே தள்ளி, புதிய வடிவத்தில் தர வேண்டும். தமிழ் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. 'என்று' வரும்போதெல்லாம் ஒரு கணம் நின்று, முதன்மை வினை இறந்தகாலமா என்று பாருங்கள்.

அடுத்தது ஊகம். 'மணி பத்து இருக்கும்' என்கிறோம். 'அந்தப் பையனுக்கு இருபது வயது இருக்கும்' என்கிறோம். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பிறந்த தேதி தெரியாது, ஆகவே எதிர்கால வடிவத்தைப் போடுகிறோம். ஸ்பானியரும் அப்படியே செய்கிறார்கள்: 'செரான் லாஸ் தியேஸ்.' இந்த ஊகத்தை நேற்றைக்குக் கொண்டுபோனால் 'மணி பத்து இருந்திருக்கும்' ஆகிறது. ஸ்பானியத்தில் 'செரீயான் லாஸ் தியேஸ்'. எதிர்காலம் இன்றைய ஊகத்துக்கு, அதன் உடன்பிறப்பு நேற்றைய ஊகத்துக்கு. தமிழ் மனம் இந்தப் பயனை ஒரு நொடியில் பிடித்துக்கொள்ளும்.

இனி நிபந்தனை. 'சி தெங்கோ தினேரோ, கொம்ப்ரரே உனா காசா.' பணம் இருந்தால் வீடு வாங்குவேன். பணம் வரவும் கூடும். 'சி துபியெரா தினேரோ, கொம்ப்ரரீயா உனா காசா.' இதுவும் பணம் இருந்தால் வீடு வாங்குவேன்தான். ஆனால் பணம் இல்லை என்பது பேசுபவருக்குத் தெரியும். தமிழ்ச் சொற்றொடர் இரண்டுக்கும் பொருந்தும். எது என்பதைக் குரலும் சூழலும் சொல்லும். ஸ்பானியத்தில் வினையே சொல்லியாக வேண்டும். நடப்பிலிருந்து விலகி நிற்கிறேன் என்பதைக் காட்ட இறந்தகாலம் சார்ந்த வடிவங்களை அது கையாள்கிறது. இது நமக்கும் அயலானதல்ல. 'இருந்தால்', 'வந்தால்', 'செய்தால்' என்ற நம் எச்சங்கள் எல்லாம் இறந்தகாலப் பகுதியின் மேல் 'ஆல்' சேர்ந்து பிறந்தவைதானே? நடக்காததைச் சொல்ல நடந்ததன் உருவத்தை நாமும் கடன் வாங்குகிறோம். முழுவதும் கைநழுவிப் போனதைச் சொல்ல ஸ்பானியம் 'அப்ரீயா' என்ற துணைவினையைச் சேர்க்கும். 'அப்ரீயா பெனீதோ' என்றால் 'வந்திருப்பேன்'. 'நீ சொல்லியிருந்தால் வந்திருப்பேன்' என்று நாம் சொல்லும் இடம் அது.

பணிவும் இதே வழியில் வருகிறது. 'போத்ரீயா அயுதார்மே?' என்றால் 'எனக்கு உதவ முடியுமா?' 'மே குஸ்தரீயா உன் கஃபே' என்றால் 'ஒரு காபி குடித்தால் நன்றாக இருக்கும்'. விருப்பத்தை இன்றைய கோரிக்கையாக நேரே வைக்காமல், ஓரடி பின்னே நின்று வைப்பது. கேட்கப்பட்டவருக்கு மறுக்க இடம் கிடைக்கிறது. நம்மூரிலும் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனால் 'உங்ககிட்ட ஒரு விஷயம் பேசலாம்னு வந்தேன்' என்றுதான் தொடங்குகிறோம். அறிவுரையும் அப்படியே: 'யோ கே தூ, நோ இரீயா' என்றால் 'உன் இடத்தில் நான் இருந்தால் போக மாட்டேன்'.

கடைசியாகச் செய்தித்தாள். 'எல் மினிஸ்த்ரோ ரெனுன்சியரீயா மஞானா.' அமைச்சர் நாளை விலகுவாராம். நம் 'ஆம்' செய்யும் வேலையை இங்கே 'ரீயா' என்று முடியும் நிபந்தனை வடிவம் செய்கிறது. யாரோ சொன்னார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை. பிரெஞ்சு மொழியிலிருந்து பரவிய வழக்கு என்று சொல்லி, இதழ்களின் நடைக் கையேடுகள் இதைத் தவிர்க்கச் சொல்வதுண்டு. ஆனாலும் இலத்தீன் அமெரிக்கச் செய்தித்தாள்களில் அன்றாடம் காணலாம். அதை எதிர்காலம் என்று தவறாகப் படிப்பவர், வதந்தியை உறுதியான செய்தியாக எடுத்துக்கொள்வார்.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, 'சி' என்ற சொல் 'ஆல்' என்ற பொருளில் வரும் பகுதிக்குள் ரீயா வடிவத்தை வைக்காதீர்கள். 'சி தெந்த்ரீயா' என்பதைப் பொதுமொழி ஏற்காது. வட ஸ்பெயினில், குறிப்பாக பாஸ்க் பகுதியிலும் அதன் அக்கம்பக்கத்திலும், மக்கள் அப்படிப் பேசுவதைக் கேட்பீர்கள். அது அவர்கள் வட்டார வழக்கு. அதை இகழ வேண்டாம். ஆனால் நீங்கள் எழுதும்போது 'துபியெரா' என்றே எழுதுங்கள்.

இரண்டாவது, பழைய வழக்கத்தைச் சொல்லும் இடம். 'சின்ன வயதில் ஆற்றில்தான் குளிப்போம்' என்று நாம் எதிர்கால வடிவத்தால் கடந்த வழக்கத்தைச் சொல்கிறோம். ஆங்கிலமும் நிபந்தனைக்குரிய அதே துணைவினையால் அதைச் சொல்லும். இரண்டு மொழிகளும் சேர்ந்து நம்மை ரீயா பக்கம் இழுக்கும். போகாதீர்கள். அங்கே வேண்டியது, 'கொமீயா' என்று முன்பு சொன்னேனே, அந்தத் தொடர் இறந்தகாலம். சோதிக்க ஒரு கேள்வி போதும்: அந்தச் செயல் அன்று நடந்துகொண்டிருந்ததா, அன்று இன்னும் வர இருந்ததா? வர இருந்தது என்றால் மட்டுமே ரீயா.

நண்பர்களே, ஆறு விகுதிகளையும் இன்று இரவே மனப்பாடம் செய்துவிடலாம். அது சிறிய வேலை. அதற்குப் பிறகுதான் பயிற்சி. யாராவது உங்களிடம் சொன்ன ஒரு வாக்குறுதியை எடுத்து 'திஹோ கே' என்று தொடங்குங்கள். நேற்று நடந்த ஒன்றின் நேரத்தை ஊகியுங்கள். நடவாத ஓர் ஆசையைச் சொல்லுங்கள். ஒரு கோரிக்கையைப் பணிவாக மாற்றுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும், நான் எங்கே நின்று பேசுகிறேன் என்று உங்களையே கேளுங்கள்.

நான் கண்டது எது, பிறர் சொன்னது எது, நானாக ஊகித்தது எது, நடக்கவே நடக்காதது எது என்று பிரித்துப் பேசுவது நேர்மையான பேச்சின் முதல் இலக்கணம். எல்லா மொழிகளும் அதற்கு வழி வைத்திருக்கின்றன. ஸ்பானியம் தன் வினையின் வாலிலேயே ஒரு பெரும் பங்கை வைத்திருக்கிறது. அதைச் சரியாகக் கையாளக் கற்பவர் ஸ்பானியரோடு பிழையின்றிப் பேசுவதோடு, தன் சொல்லுக்குத் தான் எவ்வளவு தூரம் பொறுப்பு என்பதையும் ஒவ்வொரு வாக்கியத்திலும் தெளிவாகச் சொல்லக் கற்றவர் ஆகிறார். அந்தத் தெளிவுக்காகவே இந்த வடிவத்தைப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.